ஒரு பிட்ச் கேட்சும் தென்சென்னை அணியும்

வைதேகி வீசிய பந்து கலாவின் மட்டை ஓரத்தில் பட்டது. ஸ்லிப்பில் நின்ற ரெஹானாவுக்கு முன்னால் ஒரே ஒரு முறை தரையில் குத்தி எழும்பியது. ரெஹானா வலது கையை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, இடது கையை மட்டும் நீட்டி அதைப் பிடித்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"அவுட்!" என்று எங்கள் அணி மொத்தமும் கத்தியது. நானும் கத்தினேன்.

கிரிக்கெட் தெரிந்த வாசகர்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். தரையில் குத்தி வந்த பந்தைப் பிடித்தால் எந்த ஊரில் அவுட் என்று கேட்பீர்கள். எங்கள் மந்தைவெளிச் சந்துகளில் அவுட். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இதைவிடப் பெரிய கூத்து, எதிரணிக்காக ஆடிக்கொண்டிருந்த கலாவும் தான் அவுட் என்றே நினைத்துவிட்டாள். மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கையுறையைக் கழற்றியபடி வெளியே நடக்க ஆரம்பித்தாள். ரெஹானா பந்தை என்னிடம் தூக்கிப் போட்டாள். நான்தான் விக்கெட் கீப்பர். கேப்டனும் நான்தான்.

பந்து என் கையில் இருக்கிறது. கலா கோட்டைத் தாண்டி நாலடி வெளியே போய்விட்டாள். அவர்கள் ஜெயிக்க இன்னும் இரண்டே ரன் வேண்டும். மிச்சமிருப்பது அந்த ஒரு விக்கெட். நான் ஸ்டம்ப்பைத் தட்டினால் ஆட்டம் எங்களுடையது. தட்டாவிட்டால் தென்சென்னை அணி என்று ஒன்று இருந்ததையே யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

ஒன்பது வருஷத் தண்ணீர் பாட்டில்

அணி வந்த கதையைச் சொன்னால்தான் என் நிலைமை புரியும்.

அதற்கு முன் நகரம் முழுவதற்கும் சேர்த்துப் பெண்களுக்கு ஒரே அணிதான். அதில் நான் ஒன்பது வருஷம் இருந்தேன். ஆடினேன் என்று சொல்லவில்லை, இருந்தேன். பன்னிரண்டாவது ஆளாகத் தண்ணீர் பாட்டில் சுமந்தேன், கையுறை மாற்றிக் கொடுத்தேன், வெயிலில் உட்கார்ந்து கை தட்டினேன். சுருக்கமாகச் சொன்னால் உப்புக்குச் சப்பாணி. நான் மோசமாக ஆடியதால் இல்லை. என்னைவிட நன்றாக ஆடுகிற கீப்பர் யாரும் அந்த அணியில் இருக்கவில்லை என்பதை இன்றும் யார் முன்னாலும் சொல்வேன். பெரிய கிளப் எதிலும் நான் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

எனக்கு முப்பத்து நாலு வயதாகும்போது, மண்டலங்களுக்கு இடையில் நடக்கும் பெண்கள் போட்டியில் தென்சென்னைக்குத் தனி அணி என்று அறிவித்தார்கள். அடையாற்றில் ஒரு பள்ளி மைதானத்தில் தேர்வு நடந்தது. என்னைக் கேப்டனாகவும் போட்டார்கள். வேறு யாருக்கும் அந்த வயதில்லை என்று என் தம்பி கிண்டல் செய்தான். செய்யட்டும், தொப்பி என் தலையில்தானே இருந்தது!

கூட ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். போட்டி நடத்துகிறவர்களின் கூட்டத்தில் ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"இந்த வருஷம் பார்ப்போம்மா. ஒரு மேட்சாவது ஜெயிச்சீங்கன்னா டீம் இருக்கும். இல்லேன்னா பக்கத்துல புறநகர் டீமோட சேர்த்துடுவோம். ரெண்டு டீமுக்கு வேன் வைக்கிறதெல்லாம் கஷ்டம்."

"ஒரு மேட்சா? எல்லாத்தையும் ஜெயிப்போம் சார்" என்றேன்.

இருந்ததே நாலு ஆட்டம். முதல் மூன்றையும் தோற்றோம்.

புறநகர் அணியோடு சேர்த்தால் எனக்கு என்ன ஆகும் என்று தெரியும். அங்கே இருபத்திரண்டு வயதில் ஒரு கீப்பர் இருந்தாள். மறுபடியும் எனக்குத் தண்ணீர் பாட்டில்தான். அதைத் தூக்க எனக்குக் கையில் வலு இருந்தது, மனதில் இல்லை.

புடவைக் கடையும் கீப்பர் முழங்காலும்

என் ஆட்டம் எங்கே பழகியது என்று அடிக்கடி கேட்கிறார்கள். தி.நகரில் ஒரு புடவைக் கடையின் இரண்டாவது மாடியில் என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

பதினோரு வருஷம் அங்கே விற்பனையில் இருந்தேன். உட்கார ஸ்டூல் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வருவதற்கு முந்தைய காலம். கீழ்த் தட்டிலிருந்து எடுக்கக் குனி, மேல் தட்டில் வைக்க எழுந்திரு. ஒரு கல்யாணப் பார்ட்டி வந்தால் நூறு தடவை குனிந்து எழுவேன். அப்புறம் முப்பது ஓவர் குந்தி எழுவதெல்லாம் எனக்கு ஒரு வேலையா?

இன்னொன்றும் அங்கே கற்றேன். புடவை எடுக்க வருகிறவர் வாயால் நீலம் கேட்பார், கண் பச்சையில் நிற்கும். நான் பச்சையைத்தான் விரிப்பேன். மட்டை பிடித்து நிற்கிறவளும் அப்படித்தான். அடிப்பதற்கு முன் எந்தப் பக்கம் அடிக்கப் போகிறாளோ அந்தப் பக்கம் ஒரு பார்வை போய்விட்டு வரும். அதைப் பார்த்து நான் வைதேகிக்கு விரலைக் காட்டுவேன்.

போட்டி வந்தது ஆடி மாதத்தில். ஆடித் தள்ளுபடி நேரத்தில் புடவைக் கடையில் லீவு கேட்பது, தீபாவளியன்று ஸ்வீட் கடையில் லீவு கேட்பதற்குச் சமம். மாடி மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருக்கும்மா உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் இல்ல சார். மேட்ச்."

"ஜெயிச்சுட்டு வா. தோத்துட்டு வந்தா நீ இங்க லீவு போட்டதே எனக்குத் தெரியாது" என்றார். நல்ல மனிதர்.

சந்துச் சட்டம்

இப்போது அந்த ஒரு பிட்ச் விஷயம்.

மந்தைவெளியில் எங்கள் சந்து இரண்டு ஆட்டோ உரசிக்கொண்டு போகும் அகலம். இருபுறமும் வீடுகள், ஜன்னல்கள், துணி காயும் கம்பிகள். அங்கே ஆடுவதற்கென்று சட்டங்கள் உண்டு. பந்து எவர் வீட்டுக்குள் போனாலும் அடித்தவர் அவுட். அடித்தவரே போய்த் திட்டு வாங்கிக்கொண்டு பந்தை எடுத்து வர வேண்டும். ஆள் குறைவு, இடம் குறைவு என்பதால், தரையில் ஒரு முறை குத்தி வரும் பந்தை ஒற்றைக் கையால் பிடித்தாலும் அவுட். இரண்டு கை பட்டால் செல்லாது. அதனால்தான் பிடிக்கிறவர்கள் இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வார்கள்.

அணியில் ஏறக்குறைய எல்லோரும் இப்படிச் சந்துகளில் வளர்ந்தவர்கள். ரெஹானா ராயப்பேட்டையில், அவள் அப்பாவின் மெத்தைக் கடைக்குப் பின்னால் அண்ணன்மாரோடு ஆடியவள். வைதேகி மயிலாப்பூரில் மொட்டை மாடியில் ஆடியவள். பந்தைத் தூக்கிப் போட்டால் தெருவில் விழும் என்பதால் சுழற்றிப் போடக் கற்றுக்கொண்டாள். நிஜப் பந்து, நிஜ மைதானம் எல்லாம் எங்களுக்குப் பிறகு வந்தவை. மூளை கற்றுக்கொண்டது, கை கற்றுக்கொள்ளவில்லை.

கலா எங்கள் சந்துக்கு வந்தது ஒரு பந்து மேட்சில். ஜெயிக்கிறவர்கள் பந்தை எடுத்துக்கொண்டு போகலாம் என்பது பந்தயம். ஆற்றோரக் குடிசைப் பகுதியிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. அதில் ஒரே பெண் இவள், பன்னிரண்டு வயதிருக்கும். எங்களை அடித்துத் துவைத்துவிட்டு, பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே பந்தோடு தனியாக வந்து நின்றாள்.

"இன்னாக்கா, ஆடலாமா? அங்க பசங்க எனுக்கு பேட்டே தர்றதில்ல."

அன்றிலிருந்து எங்கள் சந்தின் ஆள் ஆகிவிட்டாள். எங்களைவிட அவளுக்கு எங்கள் சட்டம் நன்றாகத் தெரியும். எந்த வீட்டில் பந்து விழுந்தால் யார் திட்டுவார்கள், யார் தண்ணீர் கொடுத்து அனுப்புவார்கள் என்பது வரை அத்துப்படி. வீட்டுக்காரர்கள் அவளைத் திட்டுவதைவிட அவள் அவர்களைச் சிரிக்க வைப்பதுதான் அதிகம்.

சில வருஷம் கழித்து ஒரு மழைக்காலம் முடிந்ததும் ஆற்றோரத்தைக் காலி செய்தார்கள். கலாவின் குடும்பத்துக்கு நகரத்துக்கு வெளியே அடுக்குமாடி ஒன்றின் எட்டாவது மாடியில் வீடு கிடைத்தது. லிஃப்ட் உண்டு, எப்போதாவது ஓடும் என்பாள். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறி எங்கள் சந்துக்கு வந்துகொண்டுதான் இருந்தாள்.

நான் அடித்த கோடு

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். எழுதுகிறேன்.

அடையாற்றுத் தேர்வுக்குக் கலாவும் வந்திருந்தாள். அன்று மைதானத்தில் அவளைப்போல் அடித்தவர் யாரும் இல்லை. கேப்டன் என்பதால் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் என்னுடையது; என் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் பட்டியல் கொடுக்க வேண்டும். விண்ணப்பங்களைச் சரிபார்த்தவர் கலாவின் ஆதார் நகலை என் பக்கம் திருப்பினார்.

"அட்ரஸ் நம்ம எல்லையில இல்லையே. என்ன செய்யலாம்?"

என்ன செய்யலாம் என்றுதான் கேட்டார். முடியாது என்று அவர் சொல்லவில்லை. விளக்கம் எழுதிக் கொடுத்தால் மேலே அனுப்பிப் பார்த்திருக்கலாம் என்று பின்னால் தெரிந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். முதல் முறையாக எனக்கென்று ஒரு அணி கிடைத்திருக்கிறது, அதில் ஒரு வில்லங்கம் வேண்டாம் என்று தோன்றியது. பேனாவை வாங்கி நானே அவள் பெயர்மேல் கோடு அடித்தேன். பத்து விநாடிகூட ஆகியிருக்காது.

கலாவிடம் சொன்னபோது அவள் சண்டை போடவில்லை. "வுடுக்கா. அங்கயும் ஒரு டீம் கீது, பாத்துக்கறேன்" என்றாள். மறு வாரமே புறநகர் அணியில் சேர்ந்தாள். என் மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வேலை இருக்கிறது என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

எங்கள் கடைசி ஆட்டம் அந்தப் புறநகர் அணியோடு.

பந்து என் கையில்

பழைய மகாபலிபுரம் சாலையைத் தாண்டி ஒரு கல்லூரி மைதானம். கடற்காற்று எட்டாத இடம், வெயில் தோலை உரித்தது. வைதேகியின் குடும்பம் மொத்தமும் தயிர்சாதத் தூக்கோடு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தது.

"விஜிக்கா, எங்காத்துல எல்லாரும் என்னையே பாத்துண்டிருக்கா. கை நடுங்கறது" என்றாள் வைதேகி, கடைசி ஓவரை வீசப் போகும்போது.

"நடுங்கினா நடுங்கட்டும். பந்து இன்னும் நல்லாத் திரும்பும், போடு" என்றேன்.

அவளுடைய இரண்டாவது பந்தில்தான் ரெஹானாவின் அந்த ஒற்றைக் கை.

பந்து என் கைக்கு வந்ததும் யோசிக்காமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். யோசித்தேன். இது கேட்ச் இல்லை என்று பந்து என் உள்ளங்கையில் பட்டதுமே தெளிந்துவிட்டது. கலா எங்கள் சந்து ஞாபகத்தில்தான் நடக்கிறாள் என்பதும் தெரிந்தது. எதிர்முனையில் நின்ற பெண் "நில்லுடி! நில்லுடி!" என்று அலறினாள். கலா காதில் விழவில்லை.

நான் ஸ்டம்ப்பைத் தட்டினேன். தட்டிவிட்டு அம்பயரைப் பார்த்துத் தொண்டை கிழியக் கேட்டேன்.

சத்தத்தில் கலா திரும்பினாள். விழுந்து கிடந்த பெயில்ஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது? நம்ம ரூலுதான்னு நான் பாட்டுக்குப் போய்க்கினு கீறேன். நீ இன்னாடான்னா ஸ்டம்ப்பத் தட்டுற?"

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அம்பயரிடம் போனேன். அவர் ஐம்பது வயதுப் பெண்மணி, குரலை உயர்த்தாதவர்.

"மேடம், அவ கோட்டுக்கு வெளியில இருந்தா."

"இருந்தா. ஆனா நான் அவுட் குடுக்கலையே. அவுட்டுன்னு தப்பா நெனச்சு நடந்துட்டா. சட்டப்படி அந்தப் பந்து செல்லாது. அந்தப் பொண்ணக் கூப்பிடுங்க."

"மேடம்..."

"நீங்களும்தானேம்மா அவுட்டுன்னு கத்துனீங்க?"

நான் திரும்பிப் போய், விழுந்த பெயில்ஸை எடுத்து ஸ்டம்ப்பின் மேல் வைத்தேன். ரெஹானா கையுறையில்லாத தன் இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அல்லாவே, ஆப்பா, கை தானாப் போயிடுச்சு" என்றாள். அக்காவை அவள் வீட்டில் ஆப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். கண் கலங்கியிருந்தது. "என் கையும்தான்டி" என்று அவள் முதுகில் தட்டினேன்.

கலா திரும்பி வந்து மட்டையை ஊன்றினாள். என் பக்கம் திரும்பவில்லை. நான் அவளுக்குப் பின்னால் குந்தினேன். ஆறு வருஷம் எங்கள் சந்தில் இப்படித்தான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு ரன்தான் வேண்டும். ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தாலே போதும். ஆனால் அவள் கண் ஒரு கணம் நேராக, பந்து வீசுகிறவள் தலைக்கு மேல் போய்விட்டு வந்தது. தூக்கி அடிக்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வைதேகிக்கு விரலைக் காட்டினேன். வைதேகி இன்னும் கொஞ்சம் மெதுவாக, இன்னும் கொஞ்சம் வெளியே போட்டாள்.

கலா இரண்டடி இறங்கி வந்து மட்டையைச் சுழற்றினாள். பந்து மட்டையைத் தொடாமல் திரும்பி என் கைக்கு வந்தது. தட்டினேன். இந்த முறை யாரும் எதுவும் பேசத் தேவை இருக்கவில்லை. அம்பயரின் விரல் மேலே போயிற்று.

தென்சென்னை!

என்னைத் தூக்கினார்கள். நான் ஒன்றும் இளைத்தவள் இல்லை, நாலு பேர் சேர்ந்து தூக்கியும் ஒரு பக்கம் சாய்ந்தேன். வைதேகியின் அம்மா மைதானத்துக்குள்ளேயே வந்து எல்லோர் கையிலும் தயிர்சாதத்தை உருட்டி வைத்தார். ரெஹானா அழுதுகொண்டே சாப்பிட்டாள். ஒன்பது வருஷம் அடுத்தவர் ஜெயித்ததற்குக் கை தட்டிய எனக்கு அன்று கிடைத்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். எங்கள் அணி நிலைத்துவிட்டது. நானும் நிலைத்துவிட்டேன்.

கலா எல்லைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து காலில் கட்டிய பேடைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஸ்டம்ப்பத் தட்டுனது தப்புதான் கலா. அந்த முதல் தடவை."

"அத்த வுடுக்கா. நானா இருந்தாலும் தட்டியிருப்பேன்."

தண்ணீரைக் குடித்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்காதே.

"ரெண்டு ரன்னுக்கு ஏன்டி அப்படி இறங்கி வந்த? தட்டி எடுத்திருந்தா ஜெயிச்சிருப்ப."

"பதட்டம்க்கா. சீக்கிரமா முடிச்சிடணும்னு இருந்திச்சு."

"என்ன முடிக்கணும்?"

அவள் பேடின் பட்டையைச் சுற்றிக்கொண்டே கேட்டாள். "நீங்க தோத்திருந்தா உங்க டீமை இன்னா பண்ணியிருப்பாங்க?"

"கலைச்சு உங்க டீமோட சேர்த்திருப்பாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது.

"அதாங்க்கா" என்றாள் கலா. "அல்லாரும் ஒண்ணா ஆடியிருக்கலாம்னு பாத்தேன்."

ஒரு மாதமாக எங்கள் அணி பிழைக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பிழைத்தால் அவள் வெளியேதான் இருப்பாள் என்பது ஒரு முறைகூட எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் பெண்கள் மைதானத்தின் நடுவில் வட்டமாக நின்று "தென்சென்னை! தென்சென்னை!" என்று கத்த ஆரம்பித்தார்கள். கலா பேடைக் கீழே வைத்துவிட்டு, அவர்களோடு சேர்ந்து கை தட்டினாள்.